மஞ்சள் வைக்காத துண்டு

கேட்டதைக் கேட்டபடி, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். பிள்ளைகள் குறைந்துபோனதால் எங்கள் தெரு மாலை வகுப்பை மூடப் போகிறார்கள். செங்கல் சூளைப் பிள்ளைகளைச் சேர்த்தால் தொடர்ந்து நடத்தலாம். பெற்றோர் பலருக்கு மனமில்லை. அதற்காகத் தெரு மன்றத்தில் கூடிய கூட்டத்தில், பால் பண்ணை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அமலோற்பவம் அக்கா பேச்சின் நடுவே சொன்னது இது:

"ஒரு குட்டிக் கதை இருக்கு... கேக்குறீங்களா? தயிர்ல பாக்டீரியா இருக்கில்ல? அதுல ஒருத்தி. சுத்தியும் பால். ஆனா பால்ல இருக்கிற சர்க்கரையைச் சாப்பிட ஒரு மரபணு வேணும்... அது அவகிட்ட தொலைஞ்சு போச்சு. பாலுக்குள்ளேயே பட்டினி! எப்படி இருக்கும்? 'யாராவது கொண்டு வரமாட்டாங்களா'ன்னு வாசலையே பாத்துக்கிட்டிருக்கா.

அவ வீட்டுல ரெண்டு பேரு. நாம புதுத்துணி ஓரத்துல மஞ்சள் வைப்போமே... அந்த மாதிரி வீட்டு மரபணு மேல அடையாளம் வைக்கிறவ ஒருத்தி. இன்னொருத்தன் கத்தரிக்காரன். அடையாளம் இல்லாத மரபணு எது வந்தாலும்... நறுக்! அவனைக் குத்தம் சொல்லாதீங்க. வைரஸ் தன் மரபணுவைத்தான் உள்ள அனுப்பும். நறுக்கலேன்னா வீடே காலி.

ஒரு நாள், பக்கத்து பாக்டீரியா ஒரு மரபணுத் துண்டை அனுப்புச்சு.

கத்தரிக்காரன் மறிச்சான். 'ஏய், நில்லு! மஞ்சள் எங்க?'

'இப்பத்தாங்க வர்றேன்... இனிமேதான் வைக்கணும்.'

'மஞ்சள் இல்லாமலே வாசப்படி தாண்டுனியா? என்ன திமிரு!'

மஞ்சள்காரி ஓடியாரா... 'அண்ணே, அண்ணே, கொஞ்சம் பொறு!'

நறுக்... நறுக்...

பொறுக்கிப் பாத்தா, என்னது? பால் சர்க்கரை மரபணு! அவ ஏங்கிக் கிடந்தாளே... அதேதான்!

வீட்டுக்காரி அழல. 'அண்ணே, பத்திரமாத்தான் இருக்கோம்... ஆனா பசிக்குதே'ன்னா.

அம்மாமாரே, அய்யாமாரே... நாம எதுக்கு ஏங்குறோம்? நம்ம பிள்ளைங்க படிக்க ஒரு வகுப்புக்கு. வாசல்ல நிக்கிறது யாரு? அந்த வகுப்பைக் காப்பாத்தப் போற பிள்ளைங்க. நாம என்ன கேக்குறோம்? எந்த ஊரு, யாரு வீடு... மஞ்சள் எங்க! வர்றவங்க மஞ்சளைக் கொண்டு வரமாட்டாங்க. நாமதான் வைக்கணும். வைக்கிறீங்களா?"

"கதை நல்லாத்தான் இருக்கு. பேன் தொத்துமே!" என்றார் வசந்தகோகிலம் அத்தை.

"ஏன் மதினி, நம்ம வீட்டுத் தலையில இல்லாத பேனா?" என்று கேட்டார் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும், "சம்மதம்னா கை தூக்குங்க" என்றார் அக்கா. இரண்டு கைகள் பாதி வரை எழுந்து, பக்கத்தில் யாராவது தூக்குகிறார்களா என்று பார்த்து, இறங்கின. அக்கா மட்டும் எங்களைப் பார்த்தபடியே நின்றார். நேரமாகிவிட்டது என்று மன்றத்துக்காரர் விளக்குகளை அணைத்துவிட்டார்.