கதையில் வருகிற மாமா

– நேத்து டிவி சீரியல்ல நீ எழுதின கூத்துக்கு உனக்குச் சம்பளம் வேற தர்றாங்களாடா? அந்தத் துணி மூட்டையை நகர்த்திட்டு உட்காரு. ஒரு வருஷமா போன்லயே உறவு கொண்டாடினவன், அதிசயமா அக்கா வீட்டுக்கு வந்திருக்கே.

– உட்காரத்தான் வந்தேன்க்கா. திட்டுறதை உட்கார்ந்தே வாங்கிக்கறேன்.

– ஆஸ்பத்திரியில மூஞ்சியை மூடிப் படுக்க வச்ச மாமியாக்காரி, துணியை விலக்கிட்டு எழுந்து, என் மூக்குக்கண்ணாடி எங்கேன்னு கேக்குறா. உதட்டுச் சாயம் ஒரு துளி கலையலை.

– அது டைரக்டர் பண்ணினது. நான் எழுதறவன் மட்டும்தான்.

– ஆமா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். தையக்காரியா நடிக்கிறவ மிஷின்ல ஊசியே இல்லைடா தம்பி. கடகடன்னு மிதிக்கிறா, கையோட ஒரு கவுன் வந்துடுது. இங்க எனக்கு ஒரு சட்டைக்குக் கை வச்சுத் தைக்கவே முதுகு ஒடியுது.

– ஊசி இல்லாததை எல்லாம் யாரும் கேக்கலைக்கா. செத்தவ பொழைச்சதையும் விட்டுட்டாங்க. ஒண்ணே ஒண்ணைத்தான் சுத்தமா நம்ப முடியலைங்கறாங்க. அதைச் சரி பண்ணலைன்னா, சானல்ல வேற ஆளை வச்சு எழுதிக்கறாங்களாம்.

– எதையாம்?

– மாமாவை.

– எந்த மாமாவை?

– கதையில வர்ற புருஷனைத்தான். என்ன, கத்தரிக்கோலைக் கீழ வச்சுட்டே? ஆரம்பத்துல அவன் எப்படி இருந்தான்? பொண்டாட்டி வேற ஒருத்தருக்குத் தைச்சு வச்ச கோட்டை மாட்டிக்கிட்டு விருந்துக்குப் போய், அங்க அந்தக் கோட்டுக்காரரையே கட்டிப் பிடிச்சான்.

– உங்க மாமா நிஜமாவே பண்ணினதாச்சே அது.

– நீ சொல்லச் சொல்ல அப்படியே எழுதினேன். ஊரே விழுந்து விழுந்து சிரிச்சுது. அதே ஆளு இப்போ விடியறதுக்குள்ள எழுந்து பாத்திரம் கழுவுறான். உட்கார்ந்து பட்டன் தைக்கிறான். அவளுக்குக் கால் வலிச்சா வெந்நீர் வச்சுத் தர்றான். சானல் பெரியவர் கேக்குறாரு, எவன் வீட்டுலய்யா இப்படி ஒரு புருஷன் இருக்கான்னு. எங்க அக்கா வீட்டுலதான்னு வாய் வரைக்கும் வந்துது.

– சொல்லிடலையே?

– சொல்லலை. மாமா திருந்தினதுல எனக்குச் சந்தோஷம்தான்க்கா. ஆனா கதைக்குப் பழைய மாமாதான் வேணும். எப்பவாவது ஒரு பொய், ஒரு சண்டை, ஏதாவது மிச்சம் இருக்குமில்ல? உள்ள தூங்கறாரா? எழுப்பு, அவர்கிட்டயே கேட்டுக்கறேன்.

– உள்ள யாரும் இல்லை.

– கடைக்குப் போயிருக்காரா?

– போயிட்டாரு. போன மழைக்காலத்துலயே. எங்கன்னு கேக்காதே, யாரோடன்னும் கேக்காதே.

– அக்கா...

– ஞாயித்துக்கிழமை ஆனா போன் பண்ணி, மாமா எப்படி இருக்காருன்னு ஆசையா கேப்பே. என்னத்தைச் சொல்லுவேன்? எப்படி இருந்திருக்கலாமோ அப்படிச் சொன்னேன்.

– அப்போ அந்த வெந்நீர்?

– நானே வச்சேன், நானே ஊத்திக்கிட்டேன்.

– ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா.

– அதை விடு. டிவி முன்னால உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறவளுக்கெல்லாம் அது பொய்னு தெரிஞ்சிருக்கு. கூடப் பொறந்தவன், நீ எப்படிடா நம்பினே?