கிரிஜாக்கா பார்க்க வந்த அடுப்பு

அஜித்தா: இஞ்சேருங்கோ, பாலை இப்பவே புதுக் கரண்ட் அடுப்பில வைக்கட்டோ?

றொஷான்: பொறு. பக்கத்து வீட்டுக் கிரிஜாக்கா வந்து கண்ணால காணோணும். முதலே காய்ச்சி வைச்சா பேய்க்காட்டினதெண்டு சொல்லுவா.

அஜித்தா: உங்களுக்குப் பயமில்லையோ?

றொஷான்: எனக்கென்னத்துக்கு? இவ்வளவு காலமும் லண்டன் கிங்ஸ்பரி முழுக்க வீடு சூடாக்கிற காஸ் பொயிலர் பூட்டினவன், இப்ப அதைக் கழட்டிப்போட்டு கரண்டில ஓடுற ஹீற் பம்ப் பூட்டுறன். நான் பூட்டினது வேலை செய்யும்.

அஜித்தா: பம்ப் வேலை செய்யும். கிரிஜாக்கா? அவ ஓமெண்டாத்தானே இந்த றோட்டில மற்றத் தமிழ் வீடுகளும் ஓமெண்ணும். அவையள் சேராட்டி உங்கட கொம்பனி...

றொஷான்: படுத்திடும். தெரியும். காலமை வெள்ளன அதைச் சொல்லாத. அந்தா, பெல் அடிக்குது. சிரிச்ச முகமா நில்.

கிரிஜா: என்ன, ரெண்டு பேரும் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கிற மாதிரி வாசலில?

அஜித்தா: வாங்கோக்கா, வாங்கோ. உள்ளுக்கு வாங்கோ.

கிரிஜா: உதுதானோ அந்தக் கண்டறியாத பம்ப்? ம்... வீடு சூடாத்தான் கிடக்கு. ஒளிச்சு எங்கையும் ஒரு காஸ் ஹீற்றர் எரியேல்லைத்தானே?

றொஷான்: தேடிப் பாருங்கோ அக்கா. காஸ் மீற்றரையே கழட்டிக்கொண்டு போயிட்டாங்கள்.

கிரிஜா: வெம்பிளியில மரக்கறி வாங்கேக்கை கதைச்சவை. சட்டம் வந்திட்டுதாம், எல்லாற்ற காஸையும் வெட்டப்போறாங்களாம்.

றொஷான்: ஐயோ அக்கா, கத்தரிக்காய் வாங்கப் போன இடத்தில சட்டமும் வாங்கிக்கொண்டு வந்திட்டியளே! ஒருத்தரும் வந்து வெட்டேல்ல. மாறுறவைக்கு கவர்மெண்ட் கிராண்ட் எண்டு காசு குடுக்குது. வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு கவுன்சிலுக்கால வேற உதவியும் கிடக்கு. சில பேருக்குக் கையால ஒண்டும் போடத் தேவையில்லை.

கிரிஜா: எனக்கென்னத்துக்கு வருமானம் குறைஞ்ச ஆக்களின்ர கதை?

அஜித்தா: அவர் பொதுவாச் சொன்னவர் அக்கா...

கிரிஜா: சரி, சரி. பாலை வை பிள்ளை. புது அடுப்பெண்டா பால் பொங்கி வழியோணும். நெருப்பில்லாத அடுப்புக்கு லட்சுமி எப்பிடி வாறா எண்டு பாப்பம்.

அஜித்தா: வைச்சிட்டன். கண் வெட்டாமப் பாருங்கோ, காஸை விடக் கெதியாப் பொங்கும்.

கிரிஜா: அட... ஓம். எழும்புது, எழும்புது...

அஜித்தா: பொங்கலோ பொங்...

றொஷான்: அஜி! சட்டியை...

கிரிஜா: என்ன கோதாரி உது? கீ கீ எண்டு கத்திப்போட்டு நிண்டிட்டுது! அடுப்பில லைற்றும் இல்லை! பால் வழிஞ்ச உடன அடுப்புச் செத்துப்போச்சு!

றொஷான்: சாகேல்ல அக்கா! பட்டனுக்கு மேல பால் பட்டா அது தானா நிக்கும்...

கிரிஜா: பால் பொங்கேக்கை அடுப்பு அணைஞ்சா அது நல்லதுக்கோ தம்பி? நான் வாறன்.

அஜித்தா: நில்லுங்கோ அக்கா. உங்கட பழைய காஸ் அடுப்பில பால் வழிஞ்சா என்ன நடக்கும்?

கிரிஜா: நெருப்பு அணையும்.

அஜித்தா: பிறகு?

கிரிஜா: பிறகு... காஸ் வரும்.

அஜித்தா: நீங்கள் சாமிப் படத்துக்கு முன்னால கண்ணை மூடிக்கொண்டு நிப்பியள், வீடு முழுக்கக் காஸ் நிக்கும். இது பொங்கி வழிய விட்டுது, வழிஞ்ச உடன தானா நிண்டுது. எது நல்ல சகுனம்? இந்தா, துடைச்சிட்டன்... பட்டனை அமத்துறன்... பாருங்கோ, திரும்ப வேலை செய்யுது.

கிரிஜா: வாய்க்காரிதான் நீ. சரி, அப்ப உங்கட பின் ஷெட்டுக்க ஒரு காஸ் சிலிண்டர் நிக்குதே, அது என்னத்துக்கு?

றொஷான்: அது... பழசு அக்கா. எறியிறதுக்கு வைச்சது...

கிரிஜா: முழுப் பூசணிக்காயைச் சோத்துக்க மறைக்காத தம்பி. சனிக்கிழமை மீன் பொரிச்ச மணம் என்ர வீடு வரைக்கும் வந்தது.

அஜித்தா: அது என்ர சிலிண்டர் அக்கா. மீன் பொரிக்க, மிளகாய் வறுக்க. வீட்டுக்க பொரிச்சா போடுற கோட்டெல்லாம் மணக்குமெண்டு முந்தியும் வெளியிலதானே பொரிச்சனாங்கள். மிச்சச் சமையல் முழுக்க இந்த அடுப்பில.

றொஷான்: அஜி, உதை ஏன் இப்ப...

அஜித்தா: உள்ளதைச் சொன்னா என்ன? நாளைக்கு பம்ப் பூட்ட அக்கான்ர வீட்டுச் சுவரைத் துளைக்கப் போறியள். பொய் சொல்லிப்போட்டோ துளைப்பியள்? பிடிக்காட்டி அக்கா வேண்டாமெண்டு சொல்லட்டும்.

றொஷான்: அக்கா, அவ சொல்லுறது சரி. நான் பயத்தில வாய் தடுமாறிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.



அஜித்தா: ஐயோ அக்கா, ஏன் அழுறியள்?

கிரிஜா: என்ர பொயிலரில காஸ் ஒழுகுதெண்டு போன மாசம் பாக்க வந்தவன் காஸை நிப்பாட்டிப்போட்டுப் போயிட்டான் பிள்ளை. புதுசு பூட்ட என்ர பென்ஷன் காணாது. கனடாவில இருந்து மகன் போன் எடுக்கேக்கை வீடு நல்ல சூடு எண்டு சொல்லிப்போட்டு, ரைஸ் குக்கரில கஞ்சி காய்ச்சிக் குடிச்சிட்டு, போர்வைக்குள்ள நடுங்கிக்கொண்டு கிடக்கிறன். என்ர குறையை ஒரு பொய்க்காரனிட்டைச் சொல்லக்கூடாதெண்டுதான் இவ்வளவு நேரமும் உங்களைக் கிண்டிக் கிண்டிப் பாத்தனான்... மற்ற வீடுகளை நான் பேசி முடிக்கிறன் தம்பி. நீ அந்தக் கவுன்சில் உதவி எனக்கு வருமோ எண்டு முதல் பார்.