வெள்ளை மூடி டப்பா

தேன்மெழுகை நேராக அடுப்பில் வைக்கக் கூடாது, இன்ஸ்பெக்டர் அம்மா. சுடுதண்ணீரில் கிண்ணத்தை இறக்கி, தானாக இளகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு இந்தத் தொழில் வராது. நீங்களும் பொறுமையாகக் கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

தேனும் மெழுகும் பச்சைமலையிலிருந்து வரும். குப்பைமேனியும் மஞ்சளும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயில் அவற்றைக் கலப்பேன். தொண்ணூற்றெட்டில் மகளிர் குழு ஆரம்பித்ததிலிருந்து இதுதான் வேலை. குன்னத்தில் யாரிடமும் ஜெகதாம்பாள் களிம்பு என்று கேட்டுப் பாருங்கள். பித்தவெடிப்பு, சேற்றுப்புண் எல்லாம் ஆறும். ஒருவருக்கும் கெடுதல் வந்ததில்லை. பச்சை மூடி டப்பாக்களைச் சொல்கிறேன்.

வெள்ளை மூடி வளர்மதிக்கு மட்டும். அவள் என் தம்பி மகள். தம்பியும் அவன் பெண்சாதியும் பஸ் விபத்தில் போனபோது அவளுக்கு நாலு வயது. எனக்கும் வேறு ஆள் இல்லை. பேன் பார்த்ததிலிருந்து பிளஸ் டூ முடிக்க வைத்ததுவரை நான்தான். அவளுடைய இருபதாவது வயதில் ஜெயங்கொண்டத்திலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவானாம்.

துணியில் குறி போடுகிற சேராங்கொட்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பும். அதில் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், வெள்ளை மூடி டப்பாவில் கலந்தேன். கண்ணில் பட்டுவிடாமல் பஞ்சால் தொட்டு முகத்தில் போடவும் சொல்லிக்கொடுத்தேன். அவள்மேல் எனக்கு அவ்வளவு அக்கறை.

வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். அவள் என் மடியில் படுத்து அழுதாள். நல்ல களிம்பைத் தடவிவிட்டேன். பத்து நாளில் முகம் தெளிந்தது.

“ஒன் கையிலதான் அத்தை என்னமோ இருக்கு,” என்றாள்.

இப்படி நான்கு வரன்கள். மூன்றாவது முறை திருச்சித் தோல் டாக்டரிடம் போனோம். “இது பரு இல்லீங்க. என்னத்தப் போடுறீங்க?” என்று என்னையே பார்த்தார். டப்பாவைத் திறந்து என் கன்னத்திலேயே தடவிக் காட்டினேன். மூடி மட்டும்தான் வெள்ளை, உள்ளே இருந்தது நல்ல களிம்பு.

பக்கத்து வீட்டு லீலாவதிக்கும் சந்தேகம் உண்டு. “ஏங்க்கா, ஊருக்கெல்லாம் ஆறுது, ஒங்க வூட்டுப் புள்ளைக்கு மட்டும் பொண்ணு பாக்க வந்தா பொங்குதே?” என்பாள் சிரித்துக்கொண்டே. நானும் சிரிப்பேன். ஆனாலும் வெங்காயம் பிடுங்கப் போகிற நாட்களில் தன் ஐந்து மாதக் குழந்தையை வளர்மதியிடம்தான் விட்டுப் போவாள். வளர்மதியை யாருக்கும் பிடிக்கும்.

போன வியாழக்கிழமையும் விட்டுப் போனாள். ஞாயிறு ஐந்தாவது வரன் வருவதாக இருந்தது. காலையில்தான் வெள்ளை மூடி டப்பாவில் கலந்து வைத்திருந்தேன். இந்த முறை கொஞ்சம் கூடுதலாக. பச்சை மூடி டப்பாக்கள் எல்லாம் டவுனுக்குப் போய்விட்டிருந்தன.

“அத்தை, புள்ளைக்குத் தொடையிடுக்கெல்லாம் செவந்து கெடக்கு. என் டப்பாலேர்ந்து போடவா?”

அவள் கையில் பஞ்சு இருந்தது. வேண்டாம் என்றால் ஏன் என்பாள். கெட்டிக்காரப் பெண், இரண்டு கேள்வியில் எல்லாம் விளங்கிவிடும். மறுநாளே பஸ் ஏறியிருப்பாள்.

“போடுடி கண்ணு,” என்றேன்.

குழந்தை அழ ஆரம்பித்தபோது நான் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கொப்புளம், மறுநாள் காய்ச்சல், பெரம்பலூர் ஆஸ்பத்திரி. ஞாயிற்றுக்கிழமை உயிர் போய்விட்டது. வரனும் வரவில்லை.

வளர்மதி வெளியே பெஞ்சில் இருக்கிறாள். தான்தான் கொன்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நான் சொன்னதை நீங்களே அவளிடம் சொல்லுங்கள், புரிந்துகொள்வாள். ஜெயிலில் மனுப் போட்டு ஆளைப் பார்க்கிற நாள் எது என்பதையும் சொல்லிவிடுங்கள். வாரம் தவறாமல் வருவாள். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.