பிரிக்காமல் ஏற்றிய ரத்தம்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த பெண் பக்கத்திலிருந்த மதினியிடம் சொன்னாள்:

“என் ரத்தத்தைப் பிரிக்கவே இல்ல மதினி. முழுசா அப்படியே ஏத்திட்டாக.”

“ரத்தத்தைப் போயி யாரு பிரிப்பா?”

“வழக்கமா செவப்பு தனியா, தண்ணியா இருக்கிறது தனியா, உறைய வைக்கிறது தனியான்னு பிரிச்சு வேற வேற ஆளுக்குக் குடுப்பாகளாம். டிராக்டரு கவுந்து மொதலாளி மகனுக்கு ரத்தத்துல எல்லாந்தானே போச்சு? என் குரூப்புதான் சேந்துச்சு. டெஸ்ட்டு முடிச்சு எல்லாத்தையும் சேத்தே ஏத்துனாக.”

எதிலும் குறை காணும் எனக்கு, அவள் சொன்னதில் ஒன்றும் அகப்படவில்லை. இது அபூர்வம்.

“பொழச்சிட்டாரா?”

“நேத்து கஞ்சி குடிச்சாராம். இன்னைக்கு அவுக அம்மா நம்ம வீட்டுக்கு வாராக. காப்பி போடணும்.”

“அடி இவளே, அவுக வாசல்ல நமக்கு இன்னமும் ஒசர இருந்து கையிலதான தண்ணி ஊத்துறாக. நம்ம வீட்டு டம்ளர்ல குடிப்பாகளா?”

“குடுத்துப் பாப்போம்.”

“வேணாம்னு சொல்லிட்டா?”

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“ஒங்க மகன் மொகஞ்சுளிக்காம வாங்கிக்கிட்டாரே தாயின்னு கேப்பேன்.”