தோசைக்கல்லிலே கறள்

தியாகலிங்கம்: ...கத்தாதையும். பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

சறோஜினி: கேக்கட்டும்! தோசைக்கல்லு துருவேறிக் கறள் பிடிச்சுக் கிடக்கு. இன்னும் கொஞ்ச நேரத்திலை உங்கட அக்கா அன்னபூரணம் புங்குடுதீவிலையிருந்து பஸ்சிலை வந்து இறங்கப் போறா. மா பொங்கி வழியுது. தோசையை உங்கட முதுகிலையே சுடுறது?

தியாகலிங்கம்: ஆறுதலாக் கேளும். கறள் பிடிச்சது என்னிலையும் பிழையில்லை, உம்மிலையும் பிழையில்லை.

சறோஜினி: அப்ப ஆரிலை பிழை?

தியாகலிங்கம்: பாசியிலை.

சறோஜினி: எந்தப் பாசி? கிணத்தடிப் பாசியே?

தியாகலிங்கம்: சீச்சீ... இருநூற்றைம்பது கோடி வருசத்துக்கு முந்தின கடல்பாசி.

சறோஜினி: ஐயோ முருகா... சயன்ஸ் மாஸ்ரரைக் கட்டாதை எண்டு அம்மா அப்பவே சொன்னவ.

தியாகலிங்கம்: கேளுமன்! அந்த நாளிலை காத்திலை ஒட்சிசன் எண்ட சாமானே இல்லை. கடல் முழுக்க இரும்பு கரைஞ்சு கிடந்தது. பாசி என்ன செய்தது? வெய்யிலைப் பிடிச்சு, ஒளித்தொகுப்புச் செய்து, ஒட்சிசனை விட்டது. இரும்பெல்லாம் கறளாகி அடியிலை போய்ப் படிஞ்சுது. இப்பவும் பழங்கல்லுகளிலை சிவப்பாப் பட்டை பட்டையாத் தெரியும்.

சறோஜினி: நீங்கள் அங்கை நிண்டு பாத்தனீங்களே?

தியாகலிங்கம்: நிக்கத் தேவையில்லை. கறள்தான் சாட்சி! அதுக்கும் முந்தின ஆத்துப் படிவுகளிலை மினுங்கல் இரும்புக்கல்லு கறளே இல்லாமக் கிடக்கு. பிறகு வந்த படிவிலை எல்லாம் கறள். அப்ப, இடையிலை ஏதோ நடந்திருக்கு எண்டு விளங்குதெல்லோ?

சறோஜினி: கல்லைப் பாத்தே நடந்ததைச் சொல்லலாமோ?

தியாகலிங்கம்: கல்லு பொய் சொல்லாது.

சறோஜினி: நல்லது. அப்ப இந்தக் கல்லை இஞ்சாலை தாங்கோ.

தியாகலிங்கம்: ...ஏன்?

சறோஜினி: வியாழக்கிழமை இதிலை தோசை சுட்டனான். கறுகறு எண்டு மினுங்கினது. இண்டைக்குச் சனிக்கிழமை, கறள். இடையிலை ஏதோ நடந்திருக்கு.

தியாகலிங்கம்: எங்கட ஊர்காவற்றுறை உப்புக் காத்து...

சறோஜினி: இத்தினை வருசம் குசினிக்குள்ளை அடிக்காத காத்து நேற்றுத்தானோ அடிச்சது? இஞ்சை பாருங்கோ. கல்லு முழுக்கக் கறள், இந்தக் கைபிடிக் காதிலை மட்டும் இல்லை. கயிறு சுத்தின தடம். நக்கிப் பாருங்கோ.

தியாகலிங்கம்: என்னத்தை?

சறோஜினி: கல்லை. நக்குங்கோ எண்டுறன்!

தியாகலிங்கம்: சரி, சரி, நக்கிறன்...

சறோஜினி: என்ன ருசி?

தியாகலிங்கம்: ...உப்பு மாதிரித்தான்.

சறோஜினி: காதிடுக்கிலை பச்சையாத் தொங்குறது என்ன?

தியாகலிங்கம்: பாசி! பாத்தீரே, நான் அப்பவே சொன்னனான்...

சறோஜினி: இது கடற்கரையிலை ஒதுங்கிற சாதாளைப் புல்லு! கோடி வருசத்துச் சாமானில்லை, நேற்றையான். நேற்று எங்கை போனனீங்கள்?

தியாகலிங்கம்: கரம்பொன்னிலை ரியூசன் எண்டு சொல்லிப்போட்டுத்தானே...

இராயப்பு: மாஸ்ரர்! மாஸ்ரர் நிக்கிறாரோ?

தியாகலிங்கம்: இல்லை!

சறோஜினி: நிக்கிறார். வாங்கோ இராயப்பு அண்ணை, என்ன விசயம்?

இராயப்பு: ஒண்டுமில்லைத் தங்கச்சி. நாளைக்கும் மாஸ்ரர் என்ரை வள்ளத்திலை மீனுக்கு வாறதெண்டால் அந்த நங்கூரத்தை மறக்காமக் கொண்டரச் சொல்ல வந்தனான். என்ரை நங்கூரம் கயிறறுந்து போச்செல்லே. அது நல்ல சாமான், வட்டமா, பாரமா, கயிறு கட்டக் காதோடை... மாஸ்ரர், ஏன் கண்ணைக் காட்டுறியள்?

சறோஜினி: அவருக்குக் கண்ணிலை கறள். நீங்கள் போட்டு வாங்கோ அண்ணை.

தியாகலிங்கம்: சறோ... ஒரு நாள்தான்... மீனும் படேல்லை...

சறோஜினி: எத்தினை வருசம் எண்ணெய் குடிச்ச கல்லு! எடுங்கோ தேங்காய்ப் பொச்சும் சாம்பலும். மச்சாள் வாறதுக்கிடையிலை பழையபடி மினுங்க வேணும்.

தியாகலிங்கம்: உரஞ்சுறன், உரஞ்சுறன்... பிழைதான். அக்காவுக்கு மட்டும் சொல்லிப்போடாதையும். சின்னனிலை அவவின்ரை செம்பை நெளிச்சதுக்கு மடத்துவெளி முழுக்கக் கலைச்சுக் கலைச்சு அடிச்சவ. இப்பவும் அவவின்ரை குரல் கேட்டால் எனக்குக் கால் தன்பாட்டிலை ஓடப் பாக்கும்.

சறோஜினி: கதையாமல் உரஞ்சுங்கோ.

தியாகலிங்கம்: எண்பத்திரண்டிலை உம்மோடை வந்த சீதனக் கல்லு எண்டதாலை தப்பினன். அவவின்ரை சாமானெண்டால் இண்டைக்கு எனக்கு... பொறும். காதுக்குக் கீழை ஏதோ வெட்டிக் கிடக்கு.

சறோஜினி: அது... அது கறள். அதிலை உரஞ்ச வேண்டாம்.

தியாகலிங்கம்: கறளில்லை, எழுத்து. பாத்திரத்துக்குப் பேர் வெட்டுற மாதிரி. ‘அ’... பிறகு ‘பூ’... உம்மட பேர் சறோஜினிதேவி எல்லோ? சறோ? ஏன் கல்லைப் பறிக்கிறீர்? சொல்லும், கல்லு பொய் சொல்லாது!

சறோஜினி: என்ரை கல்லு ஆடிப்பிறப்பண்டைக்கு வெடிச்சுப் போச்சு. நீங்கள் பேசுவியள் எண்டு வாழையடியிலை தாட்டுப்போட்டு, உங்கட அக்காவிட்டை ரண்டு நாளைக்கெண்டு இரவல் வாங்கினனான். அவ இண்டைக்கு வாறது தோசை தின்ன இல்லை, கல்லைத் திருப்பி எடுக்க... அந்தா, படலை திறக்குது. ஓடுங்கோ, ஓடிப்போய் அக்காவுக்குப் பாசியிலையிருந்து கதையைத் தொடங்குங்கோ!