பச்சைக்குள்ள வெள்ளை

கத்தாத. கதவச் சாத்திட்டு உள்ள வந்து பேசு. என்ன முறைக்கிற, வா போன்னு பேசுறேன்னா? வாங்க போங்கன்னு பேசுனதெல்லாம் உன் பொண்டாட்டியா இருந்தப்ப.

சரி, என்ன இப்போ? வெள்ளை இகுவானா, ஊருல இல்லாத ஓணான்னு ஆசையா எடுத்துட்டுப் போன, அது போடுற முட்டையெல்லாம் பச்சைக் குட்டியாப் பொரியுது. நான் ஏதோ பெட்டைய மாத்தி வச்சு ஏமாத்திட்டேன். அதானே? வெள்ளைத் தோலும் செவப்புக் கண்ணுமா உன் கூண்டுலதான உக்காந்திருக்கு, அத நான் எங்க மாத்துறது? நல்லா இருக்கு உன் நியாயம்.

பிரிஞ்சப்ப இதே ரூமுல நின்னு நீதான பொறுக்குன? வெள்ளைப் பெட்டை எனக்கு, அந்தப் பச்சை ஆண நீயே வச்சுக்கோ, பச்சை தெருவுக்கு நாலு கெடைக்கும்னு சிரிச்ச. நானும் வாயத் திறக்கல. நான் ஏன் சொல்லணும்?

அந்தப் பச்சையன்கிட்டப் போகாத. தலைய ஆட்டுறான்ல, அது உனக்கு வணக்கம் இல்ல. வாலால ஒரு வீசு வீசுனான்னா தழும்பு போகாது.

இப்பவாவது கேட்டுக்கோ. குட்டி வெள்ளையா வரணும்னா அம்மாகிட்டருந்து ஒரு பங்கு, அப்பன்கிட்டருந்து ஒரு பங்கு, ரெண்டும் சேரணும். ஒரு பங்கு மட்டும் இருந்தா வெளிய தெரியாது, பச்சையாத்தான் இருக்கும். இதோ இவன மாதிரி. இவன் வெள்ளைய உள்ள மறைச்சு வச்சிருக்கான். இவனோட சேந்ததாலதான் அவளுக்குப் பாதிக்குப் பாதி வெள்ளையா வந்துது. நீ எல்லாம் பெட்டையோட ராசின்னு நெனச்ச.

என்ன, கொண்டுபோன புதுசுல வெள்ளையா வந்துதா? வரும். ஆணோட விதைய அது உடம்புக்குள்ளயே மாசக்கணக்கா வச்சிருக்கும். அதெல்லாம் இவன் குட்டி. நீ உன் புது ஆணுக்குப் பொறந்ததுன்னு ஊருக்கெல்லாம் காட்டிட்டுத் திரிஞ்ச. அப்புறம் ஆண மாத்தி மாத்திப் பாத்திருப்ப, பெட்டையத் திட்டியிருப்ப. கோளாறுன்னா பொம்பளை பக்கந்தான்னு உங்க வீட்டுல எப்பவோ முடிவு பண்ணது.

உக்காராத. நான் உக்காரச் சொல்லல.

ஓ. இவன ஒரு சீசனுக்குக் குடுன்னு கேக்கத்தான் இவ்வளவு சத்தமா. கேக்கும்போதுகூட அதட்டித்தான் கேக்கணும் உனக்கு.

இந்த வீட்டுல இன்னொரு வெள்ளையும் பொறந்துது, மறந்துட்டியா? நீயும் கறுப்பு, நானும் கறுப்பு. ஆஸ்பத்திரியில துணிய வெலக்கிப் பாத்துட்டு, இது எங்க ரத்தம் இல்லன்னு உங்கம்மா சொன்னா. நர்ஸ் முன்னாடி. நீ செவத்தப் பாத்துட்டு நின்ன. டாக்டர் நம்ம ரெண்டு பேரையும் கூப்பிட்டு எடுத்துச் சொன்னாரு. எங்க வம்சத்துலயே இல்லன்னுட்டு நீ எந்திரிச்சுப் போயிட்ட. அப்புறம் வந்து, கூண்டுல இருந்த வெள்ளைய மட்டும் துண்டுல சுத்தி, குளிர்படாம எடுத்துட்டுப் போன.

இப்போ ஒண்ணு சொல்லு. வெள்ளையாப் பொறக்குறதுல அப்பனுக்கும் பங்கு உண்டா, இல்லையா?

சொன்னா ஆணக் குடுப்பேனாவா? மொதல்ல சொல்லு, பாக்கலாம். நான் இகுவானாக் குட்டியப் பத்திக் கேக்கல. நம்ம புள்ளையப் பத்திக் கேக்குறேன்.

வாய்க்குள்ளயே முனகாத. ஃபேன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. இன்னும் சத்தமா.

ம். உண்டுன்னுட்ட. போதும்.

எனக்கு எதுக்குச் சொல்லணும், எனக்குத்தான் அப்பவே தெரியுமே. அந்தத் திரைக்குப் பின்னால இருக்கா பாரு, அவளுக்குக் கேக்கணும்னுதான். இந்த வருஷம் பள்ளிக்கூடத்துல சேத்தேன். நான் வெள்ளையா இருக்குறதாலதான் அப்பா போயிட்டாரா, நான்தான் தப்பாப் பொறந்துட்டேனான்னு கேட்டுட்டே இருக்கா. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா.

இல்ல, பாக்கல்லாம் முடியாது. ஆணும் கெடையாது. கெளம்பு.

போறப்ப கதவ நல்லா இழுத்துச் சாத்திட்டுப் போ, வெயில் உள்ள அடிக்குது. இவனுக்கு வெயில் வேணும். அவ தோலுக்குத்தான் ஆகாது.