சரியான கறுப்பு

மச்சினி: இது வேணாம் மாமா. பின்னாடி செவப்பும் பச்சையுமா லைட்டு எரியுது. ரயில் சிக்னல் மாதிரி.

அவன்: அணைச்சு வச்சுக்கலாம்.

மச்சினி: அணைக்கறதுக்கு எதுக்கு வாங்கணும்?

கடைக்காரர்: தங்கச்சி சொல்றது சரிதான் சார். அது கேம் ஆடுறவங்களுக்கு. நிறத்தை எல்லாம் கொஞ்சம்... தூக்கிக் காட்டும். உங்களுக்கு எதுக்குன்னு சொல்லுங்க.

அவன்: போட்டோ திருத்தணும். பிரிண்ட் போடணும்.

கடைக்காரர்: தொழிலா?

அவன்: இல்ல. ஒரே ஒரு போட்டோ.

கடைக்காரர்: ஒரு போட்டோவுக்கா கம்ப்யூட்டரும் மானிட்டரும்?

மச்சினி: கேக்காதீங்கண்ணே. வீட்ல எல்லாரும் கேட்டு ஓஞ்சாச்சு.

அவன்: பழைய லேப்டாப்ல திருத்தி நாலஞ்சு தடவை பிரிண்ட் போட்டேன். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி.

மச்சினி: ஒண்ணுல எங்கக்காவுக்கு மஞ்சக்காமாலை. ஒண்ணுல கரி பூசின மாதிரி. இன்னொண்ணுல பவுடர் டப்பாக்குள்ள விழுந்து எந்திரிச்ச மாதிரி.

கடைக்காரர்: உங்க அக்கா படமா? அவங்களையும் கூட்டிட்டு வந்திருந்தா நேர்ல பாத்தே...

அவன்: அவ இல்லீங்க.

கடைக்காரர்: ஐயோ. மன்னிச்சுக்குங்க சார்.

அவன்: பரவால்ல. பொண்ணு இருக்கா. அவங்கம்மா போனப்ப குழந்தை தவழக்கூட இல்ல. இப்ப ஓடுறா.

மச்சினி: ஃபேனைப் பாத்தாலும் அம்மாங்கறா. கதவைப் பாத்தாலும் அம்மாங்கறா.

அவன்: கூடத்துல இந்தப் படத்தை மாட்டணும். இனிமே அவளுக்கு அம்மான்னா இதுதான். அதனால... தப்பா இருக்கக் கூடாது.

கடைக்காரர்: ...உக்காருங்க சார். தங்கச்சி, நீயும் உக்காரும்மா. எந்த ரூம்ல வச்சுத் திருத்துனீங்க?

அவன்: படுக்கை ரூம்ல.

கடைக்காரர்: சுவரு என்ன கலர்?

மச்சினி: நீலம். அக்காவே பிரஷ்ஷைப் புடிச்சு அடிச்சா. நீலம்னா அப்படி ஒரு நீலம். உள்ள போனா நீச்சல் குளம்தான்.

கடைக்காரர்: அதான் மஞ்சக்காமாலை.

மச்சினி: என்னது?

கடைக்காரர்: சுவத்தோட நீலம் திரை மேல விழுந்திருக்கு. கண்ணுக்கு முகம் நீலம் பாரிச்ச மாதிரி தெரிஞ்சிருக்கும். சார் அதைச் சரி பண்றேன்னு மஞ்சளை ஏத்தியிருப்பாரு. பேப்பருக்கு ஏது நீலச் சுவரு? ஏத்துன மஞ்சள் மட்டும் நின்னுடுச்சு.

அவன்: அந்தக் கரி?

கடைக்காரர்: திரையோட வெளிச்சத்தை முழுசா வச்சிருப்பீங்க. திரை தானா எரியுது. பேப்பர் எரியாதே சார்.

அவன்: ...அவ அடிச்ச சுவரா என்னை இவ்வளவு நாளும் ஏமாத்துச்சு?

மச்சினி: இருந்தப்ப மட்டும் விட்டாளா? சீட்டாட்டத்துல ஒரு தடவையாவது ஏமாத்தாம ஜெயிச்சிருக்காளா உங்களை?

கடைக்காரர்: என் கடைச் சுவரைப் பாத்தீங்களா?

மச்சினி: வந்ததும் பாத்தேன். சிமென்டு பூசிட்டு அப்படியே விட்டுட்டீங்களோன்னு நெனச்சேன்.

கடைக்காரர்: என் வீட்டுக்காரியும் அதையேதான் சொல்றா. சாம்பல் நிறம்மா. எந்தக் கலர் பக்கமும் சாயாது. படம் கொண்டாந்திருக்கீங்களா சார்?

அவன்: பென்டிரைவ்ல இருக்கு.

கடைக்காரர்: குடுங்க. இந்தா, இந்த மானிட்டர்ல பாப்போம்.

மச்சினி: இதுவா? பாவம் மாதிரி இருக்கு.

கடைக்காரர்: சாதுதான். இருங்க, இந்தக் குட்டிக் கருவியைத் திரை மேல தொங்க விடறேன்...

மச்சினி: எலி மாதிரி இருக்கு.

கடைக்காரர்: திரை பொய் சொல்லுதான்னு அளக்குற எலி. ...ம். ஆச்சு. தொறக்கவா?

அவன்: தொறங்க.

மச்சினி: மாமா.

அவன்: ம்.

மச்சினி: முடியைப் பாருங்க. லேப்டாப்ல ஒரே கறுப்புக் கட்டியா இருந்துச்சே. இங்க... ஒவ்வொரு இழையும் தனித்தனியா... காதுக்குப் பின்னாடி அந்தச் சுருள்கூட.

கடைக்காரர்: கறுப்புக்குள்ள எத்தனை கறுப்பு இருக்குன்னு நல்ல திரைதான் காட்டும்மா.

அவன்: கழுத்துக்குக் கீழ... அந்த நிழலுக்குள்ள பாரு.

மச்சினி: மச்சம்! அது இந்தப் படத்துல இருந்துச்சா?

அவன்: எனக்கே தெரியாது. இத்தனை தடவை பாத்தும்...

கடைக்காரர்: எப்பவும் இருந்துச்சு சார். காட்டத்தான் ஆளில்ல.

மச்சினி: கண்ணைக் கொஞ்சம் பெருசாக்குங்கண்ணே. இன்னும்... இன்னும்... ஜன்னல் தெரியுது. ஜன்னல் முன்னாடி ஒரு ஆள் நிக்கறான்.

அவன்: யாரு?

மச்சினி: மாமா, அது நீங்க. கேமராவும் கையுமா. அவ கண்ணுக்குள்ள. மூச்சு விடுங்க மாமா.

அவன்: விட்டுட்டுத்தான் இருக்கேன்.

கடைக்காரர்: எத்தனையோ பேருக்கு இந்தத் திரையில படம் போட்டுக் காட்டியிருக்கேன். இப்படி ஒண்ணு... சரி. கம்ப்யூட்டர் உங்களுக்குப் பெருசா வேணாம் சார். இங்க இருக்கறதுல நடுத்தரமா ஒண்ணு போதும். மானிட்டரை மட்டும் விட்டுடாதீங்க.

அவன்: இதையே எடுத்துக்கறேன். இப்ப ஒரு பிரிண்ட் போட முடியுமா?

கடைக்காரர்: போடலாமே. கொஞ்சம் வெளுப்பாக்கட்டுமா? எல்லாரும் அப்படித்தான்...

அவன்: வேணாம்.

மச்சினி: வேணவே வேணாம். பொண்ணு பாக்க வந்தப்ப இவங்க பெரியம்மா 'மாநிறம்தான்'னு இழுத்தாங்க. 'கறுப்புன்னே சொல்லுங்க அத்தை, வாய் சுடாது'ன்னா அக்கா.

அவன்: அப்பத்தான் நான் நிமிந்து பாத்தேன்.

கடைக்காரர்: அப்ப அப்படியே விடறேன். ...இந்தாங்க. இந்த விளக்குக்கு அடியில வச்சுப் பாருங்க. திரையும் பேப்பரும்.

மச்சினி: அடேயப்பா! அதையே உரிச்சு எடுத்து வச்ச மாதிரி!

கடைக்காரர்: ஆனா ஒண்ணு சார். எலி திரையைத்தான் நேர் பண்ணும். இது சாயங்கால வெளிச்சத்துல எடுத்த படம். இதுல வெயில் எவ்வளவு, அவங்க நிறம் எவ்வளவுன்னு எந்தக் கருவிக்கும் தெரியாது. செவப்பு கொஞ்சம் தூக்கலோன்னு எனக்குச் சந்தேகம். கூட வாழ்ந்தவங்கதான் சொல்லணும். கூட்டவா, குறைக்கவா?

அவன்: குட்டி... கையைக் கொஞ்சம் காட்டேன்.

மச்சினி: எதுக்கு?

அவன்: சும்மா. பிரிண்ட் பக்கத்துல வை. உள்ளங்கை இல்ல, சட்டையை மேல ஏத்திட்டு முன்கையை.

மச்சினி: இந்தாங்க.

கடைக்காரர்: அட... ஒரு இழை செவப்பைக் குறைக்கணும் சார். கை அசையாம அப்படியே இரும்மா. ...குறைச்சாச்சு. இன்னொண்ணு போடறேன். ...இப்பப் பாருங்க. கை எங்க முடியுது, அவங்க கன்னம் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலயே சார்...

அவன்: இதுதான். ஆமா... இதுதான் அவ.

மச்சினி: அக்கா...

கடைக்காரர்: இருங்க. நான் பெட்டியில கட்டச் சொல்லிட்டு வரேன்.

அவன்: குட்டி.

மச்சினி: ம்?

அவன்: மானிட்டர் பாக்க உனக்குத்தான் தெரியும்னு கூட்டிட்டு வந்தேன்ல. பொய். அவ நிறம் எனக்கு மறந்து போச்சு. அந்தத் தப்புத் தப்பான படங்களைப் பாத்துப் பாத்து... கண்ணை மூடினா அதுதான் வருது. உன் கைதான் எனக்கு வேண்டியிருந்துச்சு.

மச்சினி: தெரியும் மாமா. அந்த மஞ்சப் படத்தை நீட்டி, 'இதானே அவ?'ன்னு என்கிட்ட கேட்டீங்களே, அன்னைக்கே தெரியும். கோடை முழுக்க நான் முழுக்கைச் சட்டையில வெந்தேனே, எதுக்குன்னு நெனச்சீங்க? கை வெயில்ல கறுத்துட்டா, அப்புறம் அக்காவை எங்க போய்ப் பாப்பீங்க?